குடைக்காரன் கால் ஒடிந்த கதை

முந்தின நாள் காலையில், கையில் குடையும் நெஞ்சில் காதலுமாகக் கதாநாயகியின் வாசலில் நிறுத்தி வைத்திருந்த கதாநாயகன், மறுநாள் வந்து பார்த்தால் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடந்தான்.

கண்ணாடிக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். சந்தேகமே இல்லை. வலது கால். முழங்காலுக்குக் கீழே.

"அடப்பாவி! யாரு இவனைத் தள்ளிவிட்டது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திவிட்டார்.

"என்னங்க, யார்கிட்ட பேசறீங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கடைக் கணக்கும்மா! லென்ஸ் ஒண்ணு உடைஞ்சு வந்திருக்கு!"

"லென்ஸை எதுக்குத் தள்ளிவிடணும்?"

கண்ணாடிக்காரர் இருமினார். கல்யாணமான ஆண்களுக்கு இருமல் எத்தனையோ நேரம் கைகொடுத்திருக்கிறது.

கடைவீதியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மனிதர், காலங்காத்தாலே உட்கார்ந்து கதை எழுதுவதை ஏன் மறைக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு ஒரே ஓர் ஆசை. தம் பெயரைப் பத்திரிகையில் அச்சில் பார்க்க வேண்டும். அனுப்பிய கதைகளெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்தன. அப்படித் திரும்பி வந்த ஒன்று மனைவி கையில் சிக்கி, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அவள் அதைச் சத்தமாக வாசித்தும் விட்டாள். 'அவளுடைய விழிகள் மைனஸ் ஒன்றரையில் மயங்கின' என்ற இடத்தில் மச்சினன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறி, தலையில் நாலு பேர் தட்ட வேண்டியிருந்தது. அன்றோடு கண்ணாடிக்காரர் பேனாவை மூடி வைத்தார். வெளியில் சிரித்துச் சமாளித்தாரே தவிர, அந்தக் காயம் ஆறவில்லை.

இப்போது ஒரு வாரப் பத்திரிகை போட்டி வைத்திருந்தது. பாதிக் கதையை அவர்களே தருவார்கள். மீதியை வாசகர்கள் எழுத வேண்டும். மழைநாள். பேருந்தில் ஒரு பெண் குடையை மறந்துவிட்டு இறங்கிவிடுகிறாள். கைப்பிடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் குடையோடு போய்க் கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. அவ்வளவுதான். மேற்கொண்டு உங்கள் சாமர்த்தியம்.

கண்ணாடிக்காரர் அந்தப் பாதிக் கதையைப் பத்திரிகையின் இணையதளத்திலிருந்து இறக்கி, கம்ப்யூட்டரில் தம் ஃபோல்டருக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். திரையில் இரண்டு ஃபோல்டர்கள், ஒன்று அவர் பெயரில், இன்னொன்று மனைவி பெயரில். இது வென்றால் வீட்டார் முன்னால் தலை நிமிரலாம். தோற்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால்தான் இந்த ரகசியம்.

கால் ஒடிந்தவனை அவர் ஒரே வரியில் குணப்படுத்தினார். 'அது வெறும் கனவு' என்று எழுதி, மறுபடி வாசலில் நிறுத்தி, கதாநாயகியின் விழிகளை இன்னும் கொஞ்சம் மயங்க வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மறுநாள் பார்த்தால் விழிகளைக் காணோம். மயக்கத்தையும் காணோம். கதாநாயகி குடையை வாங்கிக்கொண்டு, 'ரொம்ப நன்றி' என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் கடைக்குப் போன கையோடு மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பியான அவன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவன்தான் குடும்ப வைத்தியன்.

"மச்சான், வைரஸ் வந்தா காலை உடைக்குமா?"

"யார் காலை அத்தான்?"

"பொதுவாக் கேக்கறேன். ஒரு ஃபைல்ல எழுதி வச்சது தானா மாறுமா?"

"வைரஸ் அழிக்கும் அத்தான். உக்காந்து திருத்தாது. அவ்வளவு பொறுமை அதுக்கு எங்க இருக்கு? நல்லா யோசிச்சுப் பாருங்க, நீங்களே எழுதிட்டு மறந்திருப்பீங்க."

தாமே ஒருவன் காலை உடைத்துவிட்டு மறக்கிற வயது இன்னும் வரவில்லை என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. யாரோ அந்நியன் இணையம் வழியாக நுழைகிறான், வேறொன்றும் இல்லை. அவன் கண்ணில் மண்ணைத் தூவ, 'குடைக்கதை' என்றிருந்த ஃபைலின் பெயரைக் 'கரண்ட் பில்' என்று மாற்றினார். கரண்ட் பில்லை எவன் திறந்து படிப்பான்?

மறுநாள் 'கரண்ட் பில்'லைத் திறந்தால் கதாநாயகன் திரும்பிப் போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று வெங்காயம் மாதிரி அடுக்கி, நடுவில் ஒளித்து வைத்தார். அந்நியன் அங்கேயும் வந்து இரண்டு பத்தியை வெட்டிவிட்டுப் போனான். கடைசியில், 'உன் வாலை ஒட்ட நறுக்குகிறேன் பார்' என்று, ஒரு நகல் எடுத்து 'பத்திரம்' என்று பெயரிட்டுத் தனியாக வைத்தார். அசலை அவன் என்ன செய்தாலும் நகல் நம் கையில். மறுநாள் இரண்டையும் திறந்து பார்த்தார். அசலில் என்னென்ன மாறியிருந்ததோ, அட்சரம் பிசகாமல் அவ்வளவும் நகலிலும் மாறியிருந்தது.

அன்றைக்குக் கடையில் ஒரு பெரியம்மாளுக்குக் கண் பரிசோதனை. எதிரே சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது.

"கடைசி வரி தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலையேப்பா."

"எனக்கும்தான் தெரியலை. எழுதி வச்சா எவனோ வந்து மாத்திடறான்."

பெரியம்மாள் பயந்துபோய், வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

பொறுத்தது போதும் என்று மறுநாள் கதையின் நடுவிலேயே, பெரிய எழுத்தில் எழுதினார்: 'யார் நீ? என் கதையில் உனக்கு என்ன வேலை?'

அடுத்த நாள் அதன் கீழே பதில் இருந்தது: 'அதையேதான் நானும் கேட்கிறேன். என் கதையில் உனக்கு என்ன வேலை? முதலில் இந்த மயங்கும் விழிகளை எடுத்துக்கொண்டு வெளியே போ.'

கண்ணாடிக்காரருக்குப் பயம் பாதி, கோபம் பாதி. 'குடை கொண்டு வந்தவனுக்குக் காதலிக்க உரிமை இல்லையா?' என்று எழுதினார்.

'உண்டு. ஆனால் கதவு திறந்த மறு நிமிடமேவா? மழையில் நடந்து வந்திருக்கிறான். ஈரச் செருப்பைக் கழற்றவாவது விடுங்கள்.'

இதைப் படித்ததும் கண்ணாடிக்காரர் தம்மை அறியாமல் சிரித்துவிட்டார். சொல்வது நியாயம்தானே? கதாநாயகனைச் செருப்பைக் கழற்ற வைத்தார். கழற்றினவன் சும்மா நிற்பானா? கால் துடைக்கத் துணி கேட்டான். அவள் துணி கொண்டுவந்தாள். துணி கொண்டுவந்தவள், 'டீ சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டாள். அந்த 'டீ' அந்நியனுடைய கைவரிசை. டீயில் சர்க்கரை போட மறந்தது கண்ணாடிக்காரரின் யோசனை. அதைச் சொல்லாமல் அவன் குடித்து முடித்தான் என்று எழுதியது மறுபடியும் அந்நியன். கதை காலுக்கும் காதலுக்கும் நடுவில் ஒரு வழியாக நடக்க ஆரம்பித்தது.

கண்ணாடிக்காரருக்கு இப்போது காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டர் முன்னால்தான் ஓட்டம். இத்தனை வருஷத்தில் அவர் எழுதியதை ஒரு மனிதர்கூட வரிவரியாகப் படித்ததே இல்லை. திட்டினாலும் படித்துவிட்டல்லவா திட்டுகிறார்? 'நீ' போய் 'நீங்கள்' வந்தது. கதைக்கு நடுவே ஊர்க்கதையும் வந்தது.

'எழுத நேரமே கிடைப்பதில்லை' என்று ஒருநாள் தம் குறையைக் கொட்டினார். 'மாமனார் எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். மாமியார் போன பிறகு அவர் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துவந்தோம். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் குளியலறைக்குள் போனார் என்றால், திரும்பி வருவதற்குள் நமக்குப் பாதிப் பொழுது போய்விடுகிறது.'

மறுநாள் வந்த பதில் கொஞ்சம் சுருக்கமாக இருந்தது: 'முழங்கால் வலியாக இருக்கும். கேட்டுப் பார்த்தீர்களா?'

கேட்கவில்லைதான். கண்ணாடிக்காரர் பேச்சை மாற்றினார். 'நான் எழுதுவது மனைவிக்குத் தெரிந்தால் சிரிப்பாள்' என்று எழுதினார்.

'சிரித்தால் சிரிக்கட்டும். அது பேசாமல் இருப்பதைவிட மேல்' என்று பதில் ஆரம்பித்தது. 'இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் கேட்க ஆள் கிடையாது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாரும் இல்லை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அதுவும் யார் காதிலும் விழுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.'

ஐயோ பாவம், எந்த வீட்டில் எந்த ஜீவனோ என்று கண்ணாடிக்காரர் உச்சுக்கொட்டினார்.

அன்று கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க வந்த ஒருவர், சும்மா இராமல், ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் வழியாகச் சிநேகிதம் பிடித்து, வீட்டு விவரமெல்லாம் நைசாகக் கறந்து, பிறகு பீரோவை வழித்துக்கொண்டு போகிறார்களாம். மாமனார் குளியலறைக்குப் போகும் நேரம் வரைக்கும் எழுதித் தொலைத்திருக்கிறோமே!

மறுநாள் காலை எழுந்த வேகத்தில் 'கரண்ட் பில்', 'பத்திரம்' எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அழித்தார். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அப்புறம்தான் போட்டியின் கடைசித் தேதி நெருங்கிவிட்டது நினைவுக்கு வந்தது. கதை போச்சு. ஈரச் செருப்பு போச்சு, சர்க்கரையில்லாத டீ போச்சு. தம் பெயர் அச்சில் வர இருந்த ஒரே வழியைத் தம் கையாலேயே அடைத்துவிட்டார். அதைவிட, இனிமேல் காலையில் தமக்காக ஒரு வரியும் காத்திருக்காது என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. மனிதர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கேயாவது ஒரு துண்டாவது ஒட்டியிருக்காதா என்ற நப்பாசையில், 'ஈரச் செருப்பு' என்று தட்டிக் கம்ப்யூட்டர் முழுவதும் தேடச் சொன்னார். அது ஒரே ஓர் இடத்தைக் காட்டியது.

மனைவியின் ஃபோல்டர். அதற்குள் 'கதை' என்று ஒரு ஃபைல்.

திறந்தார். குடை, செருப்பு, டீ, திட்டு, பதில், குளியலறை எல்லாம் உள்ளே முழுசாக இருந்தன.

கண்ணாடிக்காரர் போனில் கூப்பிட்டதும், அன்று மாலை மச்சினன் நேரிலேயே வந்துவிட்டான். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு அங்கே ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட் என்பதால், கண்ணாடிக்காரர் கடையில் இருக்கிற பகலில் ஏதாவது ஒரு நேரம் அவள் வீட்டில் இருப்பாள்.

மச்சினன் கம்ப்யூட்டரை ஒரு நோட்டம் விட்டுவிட்டுச் சிரித்தான்.

"இது திருட்டும் இல்ல, வைரஸும் இல்ல அத்தான். நான் போட்டுக் குடுத்த புரோகிராம் செஞ்ச வேலை. கம்ப்யூட்டர்ல இடமே இல்லன்னு போன மாசம் அக்கா கத்தினாளே, ஞாபகம் இருக்கா? அப்பப் போட்டது."

"அது என் கதையை எதுக்குத் தொடுது?"

"சொல்றேன். நாம ஃபைலுக்கு வைக்கற பேரு இருக்கே, அது சும்மா கூப்பிடறதுக்கு. கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கும். அதைப் பாத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுக்கும். இப்ப உங்களையே எடுத்துக்குங்க. அக்கா 'என்னங்க'ங்கறா. கடையில 'சார்'ங்கறாங்க. நான் 'அத்தான்'ங்கறேன். ஆளு எத்தனை?"

"ஒண்ணுதான்."

"சாப்பாட்டுத் தட்டு எத்தனை?"

"அதுவும் ஒண்ணுதான்."

"அதேதான்! இந்தப் புரோகிராம் தினம் மதியம் ஓடும். எழுத்து எழுத்தா ஒரே மாதிரி ரெண்டு ஃபைல் இருந்தா, எதுக்கு ரெண்டு தட்டுன்னு ஒண்ணை எடுத்துட்டு, ரெண்டு பேரையும் ஒரே நம்பர்ல மாட்டிவிட்டுடும். பத்திரிகைக்காரன் குடுத்த பாதிக் கதையை நீங்களும் இறக்கியிருக்கீங்க, இந்தப் பக்கமும் இறக்கியிருக்கு. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. மாட்டிவிட்டுடுச்சு. அதுக்கப்புறம் எந்தப் பேர்ல திறந்து எழுதினாலும் ஒரே கதையிலதான் எழுதறீங்க."

"நான் பேரை மாத்தினேனே?"

"பேரு மாறிச்சு. நம்பர் மாறலையே."

"இடத்தை மாத்தினேன்."

"வீடு மாத்தினா ஆளு மாறிடுவாரா?"

"நகல் எடுத்து வச்சேன்டா!"

"காலையில எடுத்திருப்பீங்க. அச்சு அசலா இன்னொண்ணு வந்திருக்கேன்னு மதியம் அதையும் சேத்து மாட்டியிருக்கும்." மச்சினன் தோளைக் குலுக்கினான். "ஆனா அதனாலதான் கதை பிழைச்சுது. நீங்க அழிச்சது பேரைத்தான், ஆளை இல்ல. கடைசியா ஒரு பேரு இருக்கற வரைக்கும் ஃபைல் சாகாது."

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்தப் பக்கம் உக்காந்து எழுதினது…"

"அக்கா ஃபோல்டர்ல இருக்குன்னா வேற யாரு? எனக்கே இப்பத்தான் தெரியுது, எங்கக்கா எழுதுவான்னு! இருங்க, போன் போட்டு…"

"மூச்சு விடாதே! அவளா சொல்ற வரைக்கும் நமக்கு எதுவும் தெரியாது."

மச்சினன் போன பிறகு கண்ணாடிக்காரர் அந்த ஃபைலை முதலிலிருந்து படித்தார். திட்டு வாங்கிய இடமெல்லாம் இப்போது இனித்தது. இந்தக் கறாரும் கண்டிப்பும் அவளுடையவைதான், சந்தேகமென்ன? மாமனாரைப் பற்றிக் குறை சொன்னதும் பதில் சுருக்கென்று வந்ததே, பெற்ற அப்பா அல்லவா! பிறகு அந்த வரிகள் வந்தன. வாயைத் திறந்தால் கேட்க ஆள் கிடையாது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாரும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, மனசிலிருப்பதைச் சொல்ல அவளுக்கு ஓர் அந்நியன் தேவைப்பட்டிருக்கிறது. அந்த வீட்டு ஜீவனுக்கு உச்சுக்கொட்டினோமே, அது நம் வீடுதானா?

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் திருந்தினார். வந்தது வினை.

"சாப்டியாம்மா?" என்று மனைவி வேலையிலிருந்து வந்ததும் கேட்டார்.

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டே நின்றாள். "ஏன், வீட்ல ஒண்ணும் மிச்சமில்லையா?"

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டீங்களா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல?"

சாப்பிடும்போது ஒரு தடவை, சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை, 'சாப்டாச்சா?' என்று கேட்டார். டிவி சத்தத்தை எறும்பு நடப்பது கேட்கிற அளவுக்குக் குறைத்தார். அவள் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லத் தொடங்கியதும், எதிரே நாற்காலி போட்டு, கன்னத்தில் கை வைத்து, கண் கொட்டாமல் கேட்டார். அவளுக்குச் சொல்ல வந்ததே மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை அவள் ஊசியும் குழாயுமாக வந்து நின்றாள். "கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு நாளா உங்க போக்கே சரியில்ல. சுகரா, தைராய்டான்னு பாத்துடறேன்."

நல்லவனாக நடந்துகொண்டதற்கு ஒரு குழாய் ரத்தம் கொடுத்த முதல் கணவர் அவராகத்தான் இருப்பார். மாலையில் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். மனைவியின் முகம் இன்னும் இருண்டது.

"உடம்புல ஒண்ணும் இல்லைன்னா மனசுலதான் ஏதோ இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணாத ஆம்பளை எதுக்கு மூணு தடவை சாப்டியான்னு கேக்கறாரு? போனைக் காட்டுங்க!"

போனில் கடைக்காரர்களும் லென்ஸ் கம்பெனியும் தவிர யாரும் இல்லை. அதிலும் அவளுக்குத் திருப்தியில்லை. பேச்சு முற்றி, அவள் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்ததும், கண்ணாடிக்காரர் வேறு வழியில்லாமல், கொஞ்சம் குழைந்து, "எனக்கு எல்லாம் தெரியும்மா" என்றார்.

மனைவி தூசி தட்டுவதை நிறுத்தினாள். "எல்லாம்னா?"

"எல்லாம்தான். நீ எங்கிட்ட மறைச்சு வச்சிருக்கியே, அது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு நாள் முன்னாடிதான். எனக்குக் கோவமே இல்ல. சொல்லப்போனா, பெருமையா இருக்கு."

"பெருமையா?" என்றாள். "ஸ்கூட்டரை உங்க கடைத் தூண்லயே இடிச்சு மட்கார்டை நெளிச்சிருக்கேன், பெருமையா இருக்கா உங்களுக்கு?"

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் அந்தத் தூணில் விரிசல் என்று மேஸ்திரியை வரவழைத்து, ஒன்றுமறியாத பக்கத்துக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருந்தார். ஆனால் திருந்தியவர் அல்லவா? "பரவாயில்லம்மா. தூண்தானே?" என்றார்.

மனைவி பெட்டியைத் திரும்பப் பரணில் வைத்தாள். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். பாதிப் பேச்சு தூணைப் பற்றித்தான் என்றாலும், அவர்கள் அப்படிப் பேசியே எத்தனையோ நாளாகியிருந்தது. எழுத்தைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரி என்று கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

மனைவியின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டுமே என்று மாமனாரிடமும் போய் நின்றார். கூடத்து நாற்காலியில், விரித்த நாளிதழுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காகிதத்தில் நாளிதழ், மதியம் கம்ப்யூட்டரில் நாளிதழ், மாலையில் மறுபடி காகிதம், அவ்வளவுதான் அவருடைய உலகம் என்பது வீட்டார் தீர்மானம்.

"முழங்கால் எப்படி இருக்கு மாமா?"

நாளிதழ் மெல்ல இறங்கியது. "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை மாப்பிள்ளை."

"சாப்டீங்களா?"

"ஆச்சு மாப்பிள்ளை. நீங்க சாப்டீங்களா?"

அவர் இன்னும் ஏதாவது பேசட்டும் என்று கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவர் வங்கியில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு நகைச்சுவை இருக்கிறதா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

போட்டிக்குக் கடைசி நாள். கதைக்கு முடிவு மட்டும் பாக்கி. கண்ணாடிக்காரர் காலையில், 'முடிவை நீங்களே எழுதுங்கள். எனக்கு விழிகள்தான் வருகின்றன' என்று எழுதிவிட்டுக் கடைக்குப் போனார். மாலையில் அவசர அவசரமாக வந்து திறந்தார். முடிவு இருந்தது.

டீ குடித்து முடித்தவன், 'இனிமேல் குடையை மறக்காதீர்கள்' என்று எழுந்திருக்கிறான். அவள் சொல்கிறாள்: 'நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு இறங்கினேன். கைப்பிடியில் முகவரியை நான்தான் ஒட்டினேன். இந்தக் கதவை யாராவது தட்டுவார்களா என்று பார்க்கத்தான்.'

கண்ணாடிக்காரர் அழுதேவிட்டார். தம்மால் ஆயுளுக்கும் இப்படி ஒரு வரி எழுத முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அதில் கொஞ்சம்கூடப் பொறாமை வரவில்லை என்பதும் தெரிந்தது. தனியாகத் தம் பெயரை அச்சில் பார்க்க இத்தனை வருஷம் தவம் கிடந்த மனிதர், நடுவிலிருந்த திட்டுகளையும் குளியலறையையும் நீக்கிவிட்டு, தலைப்புக்குக் கீழே மனைவி பெயரை முதலிலும் தம் பெயரை இரண்டாவதாகவும் போட்டு அனுப்பினார்.

முதல் பரிசு அந்தக் கதைக்குத்தான்.

பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சினனும் வந்திருந்தான். கண்ணாடிக்காரர் பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து, மனைவி மடியில் விரித்து வைத்தார்.

அவள் தலைப்பைப் படித்தாள். பெயர்களைப் படித்தாள். பிறகு கதை முழுவதையும், இந்தத் தடவை சத்தமில்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "அந்த முடிவு… ஆனா இதுல என் பேரு எதுக்கு?"

"போதும்மா நடிப்பு. அன்னிக்கே சொன்னேனே, எல்லாம் தெரியும்னு."

"நீங்க சொன்னது மட்கார்டை இல்லையா?"

"அக்கா, எனக்கும் தெரியும்" என்றான் மச்சினன். "கதை உன் ஃபோல்டர்லதானே இருந்துச்சு?"

"எந்த ஃபோல்டர்டா? இடமில்லன்னு கத்தினதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரை நான் தொடவே இல்ல. ரிப்போர்ட் எழுதவே கை ஓயறதில்ல, நான் எங்க உக்காந்து கதை எழுதறது?"

கண்ணாடிக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மூலையில் நாளிதழ் மெல்ல மடிந்தது.

"மாப்பிள்ளை, அடுத்த கதைக்காவது எனக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் மாமனார். "பொண்ணு ஃபோல்டர்ல உக்காந்து எழுதினதுல, பேரும் அவளுக்கே போயிடுச்சு."